ஐஸ் பெட்டிச் சுவருக்குள் எந்த போம்?

மன்னார்த் தீவின் மீன்தொழில் ஐஸை நம்பித்தான் நடக்கிறது. பேசாலை, தலைமன்னார், எருக்கலம்பிட்டிக் கரைகளில் இறங்கும் மீனும் நண்டும் கொழும்புக்குப் போவதென்றால், மதவாச்சி வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல் லொறியில் ஓட வேண்டும். வழியில் ஐஸ் கரைந்தால் இலாபமும் சேர்ந்து கரைந்துவிடும். ஆகவே பைபர் ஐஸ் பெட்டி செய்து விற்பது நம் பகுதி இளைஞர்கள் சிறு முதலுடன் தொடங்கக்கூடிய நல்ல தொழில். ஆனால் அதில் வெளியே தெரியும் பளபளப்பை விட, சுவருக்குள் மறைந்திருக்கும் போம்தான் முக்கியம். இதை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன். மற்றவர்களும் அப்படிப் படிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் விட்ட பிழை

பைபர் வேலை பழகிய புதிதில் மூன்று பெட்டிகளுக்கு ஓடர் கிடைத்தது. கடையில் மலிவாகக் கிடைத்த ரெஜிபோம் தகடுகளை வாங்கினேன். அதன் மேல் பைபர் மேட்டை விரித்து ரெசின் பூசியதும், தகடு சுடுநீரில் போட்ட சீனி மாதிரிக் கரைந்து குழி விழுந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். நான் அடுத்த தகட்டைப் பொலித்தீனால் சுற்றி, அதன் மேல் ரெசின் பூசி வேலையை முடித்தேன். பெட்டிகள் பார்வைக்கு அழகாகவே இருந்தன.

வாங்கியவர்களில் ஒருவர், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, 2009க்குப் பின் ஊர் திரும்பியவர். சேமித்த காசைப் போட்டு மீண்டும் தொழில் தொடங்கியிருந்தார். மூன்று மாதம் கழித்துப் பெட்டியுடன் வந்தார்.

“தம்பி, பெட்டி பாரம் கூடிட்டுது. ஐஸும் நிக்குதில்ல. ரெண்டு தரம் மீன் பழுதாப் போச்சு” என்றார்.

சுவரை அறுத்துப் பார்த்தேன். பொலித்தீன் மடிப்புகளின் ஊடாக ரெசின் கசிந்து, ரெஜிபோமில் பல இடங்களைத் தின்றிருந்தது. அந்தக் குழிகளில் உப்புத் தண்ணீர் நிறைந்திருந்தது. போமைப் போல் பதினைந்து மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர். அப்படிப்பட்ட சுவருக்குள் ஐஸ் எப்படி நிற்கும்?

ஓட்டை போட்டுத் தண்ணீரை வடித்து, மேலே ஒரு பூச்சுப் பூசிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் மனம் சொன்னது. அப்போது நாமெல்லோரும் அறிந்த அந்தச் சம்பவம் நினைவுக்கு வந்தது. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்தது. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வியாபாரியைக் கண்டித்தார்கள். என் பெட்டியும் அந்தக் குவியலைப் போன்றதுதான். மூன்று பெட்டிகளையும் திருப்பி எடுத்து, என் செலவில் புதிதாகச் செய்து கொடுத்தேன். அவ்வருட இலாபம் அதிலேயே போனது.

பெயரை அல்ல, குணத்தைப் பாருங்கள்

நாம் ரெஜிபோம் என்பதை அக்கரையில், இராமேஸ்வரத்தில், தெர்மாகோல் என்பார்கள். இரண்டும் பொலிஸ்டைரீன்தான். பொலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் கலந்திருக்கிறது. பொலிஸ்டைரீன் அதில் கரையும். பெற்றோலிலும் கரையும். எபொக்சி ரெசினில் கரையாது, ஆனால் எபொக்சி விலை கூடியது. சிறு மணிகளை ஒட்டிச் செய்யப்படுவதால் ரெஜிபோமின் மணி இடைவெளிகளில் காலப்போக்கில் தண்ணீர் ஏறும்.

நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், மணிகள் இன்றி வழவழப்பாக வரும் தகடும் பொலிஸ்டைரீன்தான். இது ரெஜிபோமை விடப் பலமானது, தண்ணீரும் குறைவாகவே குடிக்கும். ஆனால் ரெசின் பட்டால் இதுவும் கரையும்.

பொலியூரித்தேன் போம் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவது. கலந்தவுடன் ஏறத்தாழ 30 மடங்கு பொங்கி, சுவரிடுக்கு முழுவதையும் நிரப்பி இறுகும். பொலியெஸ்டர் ரெசின் இதைக் கரைக்காது, பைபருடனும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஐஸ் பெட்டிக்கு இதுவே சிறந்தது. ஆனால் மெத்தைக்குப் போடும் ஸ்பொஞ்சும் பொலியூரித்தேன்தான் என்பதை மறக்க வேண்டாம். அதன் அறைகள் திறந்தவை, தண்ணீரை உறிஞ்சும். நமக்கு வேண்டியது மூடிய அறைகள் கொண்ட கடினமான வகை.

பொதி சுற்ற வரும் மென்மையான பொலித்தீன் போம் தண்ணீர் குடிக்காது. ஆனால் பசையும் ரெசினும் அதில் சரியாக ஒட்டாது. சுவருக்கு அது வேண்டாம். மூடியின் விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்க நல்லது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மூன்றேகால் அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றேமுக்கால் அடி உயரமான பெட்டியின் உட்பரப்பு சுமார் 3 சதுர மீற்றர். சுவர் 2 அங்குலம், வெளியே 32 பாகை, உள்ளே 0 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஐஸ் கரைய 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதன்படி நல்ல ரெஜிபோம் சுவரின் வழியாக நாளொன்றுக்குச் சுமார் 18 கிலோ ஐஸ் கரையும். பொலியூரித்தேன் என்றால் சுமார் 12 கிலோ. மீனைக் குளிராக்கவும், மூடியைத் திறந்து மூடும்போதும் செலவாகும் ஐஸ் வேறு. அது இரண்டுக்கும் ஒன்றுதான்.

வித்தியாசம் நாளுக்கு 6 கிலோ. வருடத்தில் 250 நாள் தொழில் என்றால் 1500 கிலோ. 50 கிலோக் கட்டிகளாகக் கணக்கிட்டால் 30 கட்டி ஐஸ். இன்றைய ஐஸ் விலையால் அதைப் பெருக்கி, இரண்டு போம்களின் விலை வித்தியாசத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பெட்டிக்குத் தேவையான பொலியூரித்தேன் திரவம் சுமார் 6 கிலோதான்.

கையில் முதல் போதாதவர்கள் ரெஜிபோமை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. சுவரை 3 அங்குலமாக்கினால் 2 அங்குலப் பொலியூரித்தேனுக்குச் சமமாகும். ஆனால் உள் ஓட்டையும் வெளி ஓட்டையும் தனித்தனியாகச் செய்து, ரெசின் முழுமையாக இறுகிய பின்னரே தகட்டை இடையில் வைக்க வேண்டும். விளிம்பை மூடும் இடத்திலும் ஈர ரெசின் தகட்டில் படக் கூடாது.

படகுக்கு இன்னும் கவனம்

பைபர் படகு கவிழ்ந்தாலும் அமிழாமல் இருக்க உள்ளே வைக்கும் போமுக்கும் இதே பாடம்தான். ஒரு கன அடி போம் கடலில் சுமார் 28 கிலோவைத் தாங்கும். பெற்றோல் கசிந்து அது கரைந்தாலோ, தண்ணீர் குடித்தாலோ அந்தத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பெட்டியில் தவறினால் மீன் போகும். படகில் தவறினால் ஆளே போகலாம்.

செய்யும் முன் மூன்று சோதனைகள்

ஒன்று: தகட்டில் ஒரு துண்டு வெட்டி, நீங்கள் பாவிக்கும் ரெசினை அதில் தடவி ஒரு மணி நேரம் பாருங்கள். இரண்டு: இன்னொரு துண்டை நிறுத்து, கல் கட்டிக் கடல் நீரில் ஒரு நாள் அமிழ்த்தி, வெளியே துடைத்துவிட்டு மீண்டும் நிறுங்கள். பாரம் கூடியிருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது. மூன்று: வாங்கும் தகட்டை நிறுங்கள். 8க்கு 4 அடி, ஓர் அங்குல ரெஜிபோம் தகடு 1.2 கிலோ இருந்தால் அது இலேசான ரகம், 1.8 கிலோ இருந்தால் திடமான ரகம். விரலால் கிள்ளினால் மணி மணியாக உதிர்வதை வாங்காதீர்கள்.

பொலியூரித்தேன் ஊற்றுபவர்கள் சுவாசத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். அதன் ஒரு திரவத்திலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. காற்றோட்டமான இடமும், ஆவியைத் தடுக்கும் முகக்கவசமும், கையுறையும் அவசியம். துணி முகக்கவசம் போதாது. சுவரிடுக்கு காய்ந்திருக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றாமல் பகுதி பகுதியாக ஊற்றுங்கள். இல்லாவிட்டால் பொங்கும் அழுத்தத்தில் சுவர் புடைத்துவிடும். இறுகிய பின்பும் இது எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் பீடி, சிகரட், வெல்டிங் வேண்டாம்.

இப்போது என் ஒவ்வொரு பெட்டியின் பற்றுச்சீட்டிலும், உள்ளே எந்த போம், எத்தனை அங்குலம் என்று எழுதிக் கொடுக்கிறேன். ரெஜிபோம் பெட்டி கேட்பவருக்கு அதையே செய்கிறேன், அதன் குறையையும் சொல்லித்தான் விற்கிறேன். சிலர் விலை கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் வாங்கியவர்கள் இன்னொருவரைக் கூட்டி வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அன்று மீன் பழுதாகித் திரும்பி வந்த அந்தப் பெரியவர், பிறகு என்னிடம் மேலும் இரண்டு பெட்டிகள் செய்வித்தார்.