தெல்தெனிய: நீருக்கு மேலும் கீழும் ஓர் ஊர்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் பஸ் வண்டியில் ஏறினால், குண்டசாலையையும் திகனவையும் தாண்டி, ஏறத்தாழ 25 கிலோமீற்றரில் தெல்தெனிய என்னும் சிறு பட்டணம் வரும். மலைகளுக்கு நடுவே கடைத்தெரு, பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் எல்லாம் உண்டு. ஆனால் மன்னர் காலத்துப் பள்ளத்தாக்கின் பட்டணமாயிற்றே, பழைய தெரு எங்கே என்று தேடினால் அகப்படாது. பழைய தெல்தெனிய, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. கடும் வரட்சி வந்து நீர் இறங்கும் ஆண்டுகளில் மாத்திரம் சுவர்த் துண்டுகளும் அத்திவாரங்களும் பழைய வீதியும் சேற்றிலிருந்து வெளியே வரும். அப்போது சனங்கள் பார்க்கப் போவார்கள். உல்லாசப் பயணிகள் படம் பிடிப்பார்கள். சிலரோ, இதுதான் எங்கள் வாசற்படி என்று காலால் தடவிப் பார்ப்பார்கள்.

நம் வாசகர்களில் அநேகர் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். யுத்தத்தினால் வந்தவர்களும் உண்டு; மண்சரிவினால் வந்தவர்களும், தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களும் உண்டு. ஆகவே இம்முறை பாடத்துக்கு இந்தப் பட்டணத்தை எடுத்துக்கொள்வோம்.

தெல்தெனிய அமைந்திருக்கும் பள்ளத்தாக்குக்குத் தும்பறை என்று பெயர். மகாவலி கங்கை கண்டியைச் சுற்றி வளைந்து இவ்வழியாகவே கிழக்கே இறங்குகிறது. வடக்கே தும்பறை மலைத்தொடர். பொத்திய கையின் விரல் முட்டிகளைப் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் அதை 'நக்கிள்ஸ்' என்றார்கள். மேற்கே, கண்டிப் பக்கமாக, குண்டசாலை. 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்க மன்னன் அங்கே மாளிகை கட்டி வாழ்ந்தான். அவனுக்குப் பிள்ளை வாரிசு இல்லாதபடியால், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அரசியின் சகோதரனுக்கு முடி போயிற்று. கண்டியில் நாயக்கர் வம்சம் தொடங்கியது இப்படித்தான்.

அந்த வம்சத்தின் கடைசி அரசனின் கதையும் இதே பள்ளத்தாக்கில்தான் முடிகிறது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் முடிசூடுமுன் கண்ணுசாமி என்று அழைக்கப்பட்டவன். 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குள் புகுந்தபோது, அவன் தெல்தெனியவுக்கு அப்பால் மெதமகநுவரப் பகுதிக்கு ஓடி ஒளிந்தான். பெப்ரவரி 18ஆம் திகதி அங்கே ஒரு வீட்டில் பிடிபட்டான். பிடித்தவர்கள் ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்ட அவனுடைய சொந்தக் குடிகளே. அடுத்த ஆண்டு அவனையும் குடும்பத்தையும் கப்பலேற்றிச் சென்னைக்கும், அங்கிருந்து வேலூருக்கும் கொண்டுபோனார்கள். 1832 ஜனவரி 30இல் வேலூரிலேயே இறந்தான். அவனுடைய கல்லறை பாலாற்றங்கரையில் இருக்கிறது; தமிழ்நாட்டு அரசு 1990இல் அங்கே முத்துமண்டபம் அமைத்தது. அவன் பிடிபட்ட இடத்தில் நினைவுக்கல் உண்டு. தெல்தெனியவிலிருந்து போய்ப் பார்த்து வரலாம். கொடுங்கோலன் என்று சொல்லப்பட்டவன்தான், அதை மறைப்பதற்கில்லை. என்றாலும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் வரிசையில் அவனும் ஒருவன்.

ஆங்கிலேயர் காலத்தில் மலைச்சரிவுகளில் கோப்பித் தோட்டங்கள் வந்தன. கோப்பி நோயினால் அழிந்தபின் தேயிலையும் கொக்கோவும் வந்தன. அவற்றோடு தமிழ்நாட்டுத் தொழிலாளரும் வந்து லயன்களில் குடியேறினார்கள். கீழே வயல், வீட்டுத் தோட்டம், புகையிலை. தும்பறைப் புகையிலைக்கு நல்ல பெயர் இருந்தது. நாட்டார், தோட்டத்தார், கடைக்கார முஸ்லிம்கள் எல்லாரும் வந்து கூடும் சந்தைப் பட்டணங்கள்தான் மலைநாட்டில் இத்தகைய ஊர்கள்.

இனி அணைக்கட்டுக்கு வருவோம். மகாவலித் திட்டத்தை முதலில் முப்பது ஆண்டுகளில் முடிப்பதாகவே வரைந்திருந்தார்கள். 1977இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அதை ஆறே ஆண்டுகளுக்குச் சுருக்கி, 'துரித மகாவலி' என்றது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா பணம் கொடுத்தது. ஹுலு கங்கை மகாவலியுடன் கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, 122 மீற்றர் உயரத்தில் வில்போல வளைந்த சுவர் எழும்பிற்று. இலங்கையில் மிக உயரமான அணை இதுவே. 210 மெகாவாற் மின்சாரம் தரும். தேங்கும் நீர் 72 கோடி கன மீற்றருக்கு மேல். 1985 ஏப்ரலில் மார்கரெட் தட்சர் அம்மையாரும் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் திறந்துவைத்தார்கள். நம் வீட்டு விளக்கிலும் அந்த நீரின் பங்கு உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்த நீருக்காக ஏறத்தாழ 30,000 பேர் எழும்ப வேண்டியிருந்தது. அவர்களுக்கு இரண்டு வழிகள் காட்டப்பட்டன. ஒன்று, பதினெட்டு வளைவு வீதியால் கீழே இறங்கி, மகியங்கனை, கிராந்துருகோட்டைப் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் நீர்ப்பாசன வயலும் அரை ஏக்கர் மேட்டு நிலமும் பெறுவது. மற்றது, நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய தோட்டக் காணிகளில் சிறு துண்டு பெற்று மலையிலேயே தங்குவது. கீழே போனவர்களுக்கு நிலம் கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் பலாவும் மிளகும் கிதுளும் நிழல் தந்த மேட்டுத் தோட்டத்தில் வாழ்ந்தவன், வெயில் காயும் சமவெளியில் நெல் மட்டுமே விதைத்து வாழப் பழகவேண்டும். மலேரியா இருந்தது. யானை வந்தது. மேலே தங்கியவர்களுக்கோ பழக்கமான காற்று. ஆனால் தேயிலையால் களைத்துப்போன சரிவு மண்.

அந்தத் தோட்டக் காணிகளும் வெறும் நிலமாகக் கிடக்கவில்லை. லயன்களில் தொழிலாளர் இருந்தார்கள். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாட்டுரிமை இழந்திருந்தவர்களுக்குக் காணிப் பட்டியலில் பெயர் எழுத வழியே இல்லை. ஒரு குடும்பம் இடம்பெயரும்போது, அதன் அடியில் வேறொரு குடும்பம் சத்தமில்லாமல் நசுங்கக்கூடும். அணையைப் பற்றிய சிறு புத்தகங்களில் இந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை.

நட்டஈடு எப்படிக் கணக்கிடப்பட்டது? 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் சந்தைப் பெறுமதியைப் பார்க்கும். உறுதி இருந்தால் நிலத்துக்கு விலை, கட்டடத்துக்கு விலை, காய்க்கும் மரத்துக்கு விலை. பக்கத்து வீட்டுக்காரியிடம் கைமாற்றாக வாங்கும் கொத்தரிசிக்கு விலை இல்லை. கடைக்காரரிடம் உள்ள கடன் கொப்பிக்கு விலை இல்லை. மழை எந்தப் பக்கத்து முகிலில் வரும் என்று அறிந்த அறிவுக்கும் விலை இல்லை. பின்னர் 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மீள்குடியேற்றக் கொள்கை, இழந்ததை மீண்டும் அமைப்பதற்கான முழுச் செலவைக் கொடுக்கவேண்டும் என்கிறது. எழுத்தில் உறுதி இல்லாதவர்களும் நீதியாக நடத்தப்படவேண்டும் என்கிறது. தெல்தெனியக்காரருக்கு அது பிந்தி வந்தது. நமக்குப் பிந்தவில்லை. காணி விடயமாகக் கச்சேரிக்கோ பிரதேச செயலகத்துக்கோ போகிறவர்கள் அந்தக் கொள்கையின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

ஸ்பானிய நாட்டின் வடக்கு மலைகளிலும் இத்தகைய பட்டணம் ஒன்று உண்டு. பெயர் ரியாஞோ. அணை கட்டுவதற்காக 1987இல் அதன் வீடுகளை இடித்தார்கள். சனங்கள் எதிர்த்து நின்றார்கள். பொலிசார் வந்து இறக்கினார்கள். ரியாஞோவும் அதைச் சுற்றியிருந்த சிற்றூர்களும் நீருக்குள் போயின. மேலே புதிய ரியாஞோவைக் கட்டி, மூழ்கவிருந்த ஊரொன்றின் கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே எழுப்பினார்கள். இன்று அந்த நீரும் மலையும் அழகாயிருப்பதால் பயணிகள் வருகிறார்கள். அந்த வருமானத்தில் ஊர் நடக்கிறது.

தெல்தெனியவுக்கும் பார்க்கத்தக்கவை குறைவில்லை. அணையைப் பார்வையிட இடம் உண்டு. தும்பறை மலைத்தொடர் 2010இல் உலக மரபுரிமையில் சேர்ந்தது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து மேலே ஏறிப் போகலாம். குண்டசாலைக்கு அருகே ஹன நாரில் சாயமேற்றித் தறியில் நெய்யும் 'தும்பறப் பாய்' வேலை இன்னும் நடக்கிறது. 2021இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஒரு சில குடும்பங்கள் தலைமுறையாகக் கைவிடாமல் காத்ததால் கிடைத்த மதிப்பு அது. அழகான ஊர்களுக்கும் கெட்ட நாட்கள் உண்டு: 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடெங்கும் அவசரகால நிலை வந்தது. 2020இல் இங்கே சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டபோது, அணைக்கு என்னவாகுமோ என்று சனங்கள் பயந்தார்கள்.

குழுவாகச் செய்வதற்கு ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்குப் பெரிய தாள் ஒன்றும் பென்சிலும் கொண்டுவாருங்கள். விட்டுவந்த ஊரின் படத்தை வரையுங்கள். கிணறு, குளம், வரம்பு, கோயில், மயானம், கடை எல்லாம் வரட்டும். ஒவ்வொரு வயலுக்கும் ஊரார் வழங்கிய பெயரை எழுதுங்கள். வயது போனவர்களை முதலில் சொல்லவிடுங்கள்; பிள்ளைகள் எழுதட்டும். யாருடைய காணிக்கு உறுதி, யாருக்கு அனுமதிப்பத்திரம், யாரிடம் ஒன்றுமே இல்லை என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். உறுதி இல்லாதவர்கள் வரிச் சிட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு, பழைய வாக்காளர் இடாப்பு எதையாவது தேடிப் பாருங்கள். படத்தில் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.