குதிரை முதுகில் ஒரு வீடு

உங்கள் வீட்டுச் சாமான்களை எல்லாம் இரண்டு குதிரைகள் மேல் ஏற்றிவிட முடியுமா? பாய், போர்வை, பாத்திரம், மாவு மூட்டை, கூரை எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். முடியாது என்றுதான் நாம் சொல்வோம். ஆனால் சிலர் ஆண்டுக்கு இரண்டு முறை இதைச் செய்கிறார்கள். அவர்கள் பக்கர்வால் மக்கள்.

யார் இவர்கள்?

பக்கர்வால் மக்கள் ஜம்மு காஷ்மீரில் வாழ்கிறார்கள். ஆடு மேய்ப்பது இவர்கள் தொழில். வெள்ளாடு, செம்மறியாடு இரண்டும் வைத்திருக்கிறார்கள். இவர்கள் பேசும் மொழி கோஜ்ரி. 1991ஆம் ஆண்டு இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

குளிர்காலத்தில் ஜம்முப் பக்கத்து அடிவாரங்களில் தங்குகிறார்கள். ரஜௌரி, பூஞ்ச் போன்ற மாவட்டங்கள் அங்கே உள்ளன. வெயில் ஏறினால் அங்கே புல் காய்ந்துவிடும். அதே நேரம் காஷ்மீர் மலைகளில் பனி உருகும். பசும்புல் தலைகாட்டும். எனவே ஏப்ரல், மே மாதங்களில் மேலே புறப்படுகிறார்கள். இலையுதிர்காலத்தில் கீழே திரும்புகிறார்கள்.

இடையில் பீர் பஞ்சால் மலைத்தொடர் நிற்கிறது. அதைக் கடக்கக் கணவாய்கள் உண்டு. பீர் கீ கலி என்ற கணவாய் ஏறக்குறைய 3,490 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மொகலாய மன்னர்கள் காஷ்மீருக்குச் சென்ற பழைய வழி அது. இன்று அங்கே மோட்டார் சாலை உண்டு. சில ஆண்டுகளாக ஆடுகளை ஏற்றிச் செல்ல அரசு லாரி ஏற்பாடும் செய்கிறது. என்றாலும் பல குடும்பங்கள் நடந்தே போகின்றன. இந்த நடை பல நாள், பல வாரம் நீளும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

அப்படி ஒரு கணவனையும் மனைவியையும் மனதில் நினைத்துக்கொள்வோம். அவர்களோடு ஒரு நாள் நாமும் நடப்போம்.

பொழுது இன்னும் விடியவில்லை. மனைவி எழுந்துவிட்டார். அடுப்பு மூட்டி, உப்புப் போட்ட தேநீர் வைக்கிறார். நேற்றுச் சுட்ட மக்காச்சோள ரொட்டி மீதம் இருக்கிறது. அதுதான் காலைச் சாப்பாடு.

கணவர் ஆடுகளை எண்ணுகிறார். இரவில் சிறுத்தையோ கரடியோ வந்திருக்கலாம். நாய்கள் விடிய விடியக் காவல் இருந்தன. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அவர் மந்தையோடு முன்னே போகிறார்.

மனைவி கூடாரத்தைப் பிரிக்கிறார். குதிரைகள் மேல் மூட்டைகளைக் கட்டுகிறார். ஒரு பக்கம் பாரம் கூடினால் குதிரை சறுக்கும். இரு பக்கமும் சமமாகக் கட்ட வேண்டும். நேற்றுப் பிறந்த குட்டியால் நடக்க முடியாது. அதுவும் மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொள்கிறது. கடைசிப் பிள்ளை அம்மாவின் முதுகில்.

நடுப்பகலுக்குப் பின் தண்ணீர் உள்ள இடத்தில் தங்குகிறார்கள். கணவருக்கு அன்றைய நடை முடிந்தது. மனைவிக்கு வேலை இனிமேல்தான். கூடாரம் போட வேண்டும். தண்ணீர் சுமக்க வேண்டும். விறகு பொறுக்க வேண்டும். பால் கறக்க வேண்டும். ரொட்டி சுட வேண்டும். அவரும் கணவர் நடந்த அதே தூரம்தான் நடந்தார்.

இரவில் கணவருக்கு முழுத் தூக்கம் இல்லை. நாய் குரைத்தால் தடியோடு எழுந்து ஓட வேண்டும்.

கணவாயின் கீழே

பல நாள் நடந்து கணவாயின் அடியை அடைகிறார்கள். மணி பன்னிரண்டு இருக்கும். மேற்கே மேகம் கறுக்கிறது.

"இன்றே தாண்டிவிடலாம். இங்கே புல் இல்லை. ஆடுகள் பசியில் நிற்கின்றன" என்கிறார் கணவர்.

"வேண்டாம். குட்டிகள் ஈரம் தாங்காது. விடியற்காலையில் போகலாம்" என்கிறார் மனைவி.

இருவர் சொல்வதும் உண்மைதான். ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஆடு மெலியும். ஆனால் கணவாயில் பனிப்புயல் பிடித்தால் மந்தையே போய்விடும். ஆடு போனால் இந்தக் குடும்பத்துக்கு வேறு சொத்து இல்லை. பிள்ளைகளின் உயிருக்கும் ஆபத்து.

காலையில் பனி இறுகிக் கிடக்கும். கால் புதையாது. பகல் ஏறினால் பனி இளகும். கால் முழங்கால் வரை இறங்கும். மலையில் பிற்பகலில்தான் மேகம் அதிகம் கூடும். மனைவி இதை நினைத்துத்தான் சொன்னார். கணவர் வானத்தை இன்னொரு முறை பார்க்கிறார். பிறகு குதிரையின் மூட்டையை அவிழ்க்கிறார்.

அன்று மாலை மேலே பனி கொட்டியது. மறுநாள் வானம் தெளிந்தது. வெளிச்சம் வரும் முன்பே ஏறத் தொடங்கினார்கள். ஒரு குட்டியும் குறையாமல் மறுபக்கம் இறங்கினார்கள். ஒரு நாள் புல் போயிற்று. மந்தை பிழைத்தது.

எழுத்தும் கூட நடக்கிறது

வழியில் சின்னப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது? மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. தாய்க்கு உப்பு சர்க்கரைக் கரைசல் செய்யத் தெரிந்திருந்தால் பெரிய உதவி. கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர். சர்க்கரை 6 தேக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்புக் கூடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். குழந்தை சோர்ந்து போனால், குடிக்க மறுத்தால், உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஆடுகளுக்கும் நோய் வரும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. எந்த ஆட்டுக்கு எப்போது போட்டோம் என்று எழுதி வைத்தால் நல்லது.

கோடையில் மலைமேல் பருவகாலப் பள்ளிகள் நடக்கின்றன. ஆசிரியர்களும் மேலே போகிறார்கள். பிள்ளைகள் புல்வெளியில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையைப் பற்றியும் பேசுகிறது. பருவந்தோறும் இடம் மாறும் மேய்ப்பர்களை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. 2019க்குப் பின் இச்சட்டம் ஜம்மு காஷ்மீருக்கும் பொருந்தும். உரிமை கேட்க மனு எழுத வேண்டும். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று தானே படித்துப் பார்த்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுவது நல்லது.

கலந்து பேசுவோம்

1. பக்கர்வால் மக்கள் ஏன் ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாறுகிறார்கள்?
2. கணவாயை ஏன் விடியற்காலையில் கடக்க வேண்டும்?
3. இந்தக் கணவன் மனைவி ஒரு நாளில் செய்த வேலைகளைத் தனித்தனியே எழுதுங்கள். யாருக்கு வேலை அதிகம்?
4. உங்கள் வீட்டில் பெரிய முடிவுகளை யார் எடுக்கிறார்கள்? இருவரும் பேசி எடுத்த ஒரு முடிவைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்.