அறுவடைக்குள்ளே எத்தனை வார்த்தை?

தை பிறந்து சம்பா அறுப்பு ஆரம்பித்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். மெஷின் எப்போ வருது, நெல்லில் ஈரம் எவ்வளவு, மழை வந்துடுமோ... அந்த அறுவடையையே இந்த மாதம் பாடமாக எடுத்துக்கொள்வோம். அதாவது 'ஹார்வெஸ்ட்' என்கிற ஆங்கில வார்த்தையை!

ஹெச், ஏ, ஆர், வி, இ, எஸ், டி. மொத்தம் ஏழு எழுத்து. இவற்றை மாற்றிப் போட்டு எத்தனை ஆங்கில வார்த்தை எடுக்க முடியும்? ஏழும் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு வார்த்தையில் ஓர் எழுத்து ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் செல்லாது.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை ஏழு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஓர் எழுத்தாகப் பெரிசாக எழுதுங்கள். தரையில் வரிசையாக வைக்காமல் வட்டமாக வையுங்கள். வரிசையில் இருந்தால் கண் மறுபடி மறுபடி 'ஹார்வெஸ்ட்' என்றே படிக்கும். வேறு எதையும் பார்க்காது.

முதலில் உயிரெழுத்தைப் பிரியுங்கள். இங்கே இரண்டே இரண்டுதான்: ஏ, இ. இரண்டையும் 'இ-ஏ' என்று ஜோடி சேர்த்து நடுவில் வைத்துவிட்டு, மற்ற எழுத்தை முன்னும் பின்னும் ஒட்டிப் பாருங்கள். ஈட், ஹீட், ஸீட், டீ, இயர், ஹியர்... மளமளவென்று வரும். 'ஹீட்'டுக்குள் ஓர் ஆர் நுழைந்தால் 'ஹார்ட்', அதாவது இதயம். அந்த இதயத்தின் முதல் எழுத்தைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தால் 'எர்த்', பூமி!

தமிழில் படித்த பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். நமக்கு 'கா' என்றால் உயிரும் மெய்யும் ஒரே எழுத்துக்குள் குடித்தனம். ஆங்கிலத்தில் உயிர் தனியாக நிற்கும். அதுவும் ஒரே குரலில் பேசாது. அதே 'இ-ஏ' ஜோடிக்கு ஹீட்டில் ஒரு சத்தம், ஹார்ட்டில் ஒரு சத்தம், எர்த்தில் இன்னொன்று. டி-இ-ஏ-ஆர் என்பதை 'டியர்' என்று படித்தால் கண்ணீர், 'டேர்' என்று படித்தால் கிழி! காதை நம்பி 'ஹார்ட்'டை ஹெச்-ஏ-ஆர்-டி என்று எழுதுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள். அதுவும் ஒரு வார்த்தைதான், ஆண் மான் என்று அர்த்தம். அதற்கும் ஒரு மார்க் போட்டுவிட்டுச் சரியான ஸ்பெல்லிங்கைக் காட்டுங்கள்.

அடுத்து, 'வி'. இதைப் பார்த்தாலே பலர் பயப்படுவார்கள். ஆனால் இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஆங்கில வார்த்தைகள் 'வி'யில் முடிவது மிக அபூர்வம். கடைசியில் ஓர் 'இ' துணைக்கு வந்துவிடும். ஆகவே வி-யையும் இ-யையும் ஒட்டி வைத்துவிட்டு முன்னால் தேடுங்கள். ஹேவ், ஸேவ், ஷேவ் எல்லாம் கிடைக்கும். அப்படியே இன்னும் இரண்டு எழுத்து கூட்டினால் 'ஸ்டார்வ்'. பட்டினி கிடப்பது! அறுவடையிலிருந்து ஹெச் ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் அத்தனையும் பட்டினி. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பகிர்ந்து கொடு என்கிற 'ஷேர்' என்ற வார்த்தையும் அதே அறுவடைக்குள்தான் இருக்கிறது.

எழுத்துகளை வைத்து விளையாடுவது நமக்குப் புதிதா என்ன? சீர்காழியில் பிறந்த ஞானசம்பந்தர், திருப்பிப் படித்தாலும் அதேயாக வரும் மாலைமாற்றுப் பதிகமே பாடியிருக்கிறார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1930-களில் வேலையில்லாமல் இருந்தபோது, செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஒரு விளையாட்டை உருவாக்கினார். 1948-ல் அதற்கு 'ஸ்க்ராபிள்' என்று பெயர் வந்தது. அதில் இ-க்கு 12 வில்லை, வி-க்கு 2 வில்லைதான்.

ஒரு வார்த்தை உண்டா இல்லையா என்று சண்டை வந்தால் அகராதியே நீதிபதி. ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்ற சரபோஜி மன்னர் வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தில், டாக்டர் ஜான்சன் அகராதியின் 1784-ம் வருடப் பதிப்பு இருக்கிறது. நம் வீட்டுக்குக் கையடக்க அகராதி ஒன்று போதும்.

ஹெல்த் பத்திரிகையில் ஸ்பெல்லிங் பாடம் எதற்கு என்கிறீர்களா? மூளையின் ஓட்டத்தைப் பார்க்க டாக்டர்களே இதைக் கேட்பதுண்டு. குறிப்பிட்ட எழுத்தில் ஆரம்பிக்கும் வார்த்தைகளை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்ல முடிகிறது? ஆங்கிலம் தெரியாதவர் என்றால் மிருகங்களின் பெயரைச் சொல்லச் சொல்வார்கள்.

அதற்காக, தினம் புதிர் போட்டால் மறதி நோயே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, மூளைப் பயிற்சி தரலாம் என்கிறது; ஆனால் ஆதாரம் வலுவாக இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு, தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று 14-ஐப் பட்டியல் போட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம், பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் அதில் உண்டு. ஆகவே, தாத்தா "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்று ஒதுங்கினால், அவருக்கு அட்டை தெரிகிறதா, பேரன் சொல்வது காதில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணாடியை மாற்றி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும்!

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. நேற்றுவரை நன்றாகப் பேசியவருக்குத் திடீரென்று வார்த்தை வரவில்லை, வாய் கோணுகிறது, ஒரு கை தொங்குகிறது என்றால் அது வயசு மறதி இல்லை, பக்கவாதமாக இருக்கலாம். படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். புரையேறும் என்பதால் காபி, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

சரி, அட்டைகளைத் திரும்ப எடுங்கள். அடுத்தது நம்ம காவிரி, பழைய ஸ்பெல்லிங்கில்: ஸி, ஏ, யு, வி, இ, ஆர், ஒய். உயிரெழுத்து இதில் மூன்று. ஒய்யும் சில சமயம் அந்த வேலையைப் பார்க்கும். 'வி'யைக் கண்டால் என்ன செய்வது என்று இப்போது உங்களுக்கே தெரியும். இந்தக் காவிரிக்குள் ஓர் ஏக்கர் நிலம் இருக்கிறது, ஒரு வருஷம் இருக்கிறது, நோய் தீர்க்கிற வார்த்தையும் ஒன்று இருக்கிறது. தேடுங்கள்!