பையும் சான்றிதழும் போக...

திண்டுக்கல் வட்டாரக் கல்லூரிகள் பலவற்றில் நூலகர் தனி ஆள். இயற்பியல் துறையில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். கோஹாவில் பார்கோடு அச்சாகவில்லை, பழைய அக்சஷன் பதிவேட்டில் ஒரே எண் இரண்டு புத்தகத்துக்கு விழுந்திருக்கிறது என்றால் நூலகர் யாரிடம் கேட்பார்? உதவியாளர் ஒருவர் வாய்த்தால் அதிர்ஷ்டம். அவரையும் தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட் கொடுக்க அலுவலகம் கூப்பிட்டுக்கொள்ளும். ஊர்ப்புற நூலகமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கதவைத் திறப்பவர், நாளிதழ் அடுக்குபவர், கணக்கு எழுதுபவர் எல்லாம் ஒருவரே.

மற்ற ஆசிரியர்களுக்குத் தினமும் கிடைக்கிற ஸ்டாஃப் ரூம் இவருக்கு வருஷத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கிறது. அந்த இரண்டு நாளுக்குப் பெயர்தான் நூலகர் மாநாடு. எனவே எந்த மாநாட்டுக்குப் போகலாம் என்று யோசிக்கும்போது, மேடையில் யார் பேசுகிறார்கள் என்பதைவிட, கீழே நம் பக்கத்து நாற்காலியில் யார் உட்காரப்போகிறார்கள் என்று பாருங்கள். நம்மைப் போலவே இரண்டாயிரம் மாணவர், ஒற்றை நூலகர், குறைந்த பட்ஜெட் என்று ஓட்டுகிறவர்கள் வருகிற இடம்தான் நமக்கு லாபம்.

எந்த மாநாடு?

பெரிய அமைப்புகள் சில தெரிந்திருக்க வேண்டியவை. இந்திய நூலகச் சங்கம் 1933-ல் கல்கத்தாவில் கூடிய முதல் அகில இந்திய நூலக மாநாட்டில் பிறந்தது. ஆராய்ச்சி நூலகங்களுக்கான இயாஸ்லிக் 1955-லிருந்து இருக்கிறது. இரண்டையும்விட மூத்தது நம் சென்னை நூலகச் சங்கம், 1928. இவை போக, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்தும் காலிபர் மாநாடு ஊர் ஊராகச் சுற்றி வரும். 2017-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்தது, 2019-ல் புவனேஸ்வர் போய்விட்டது. தென்பக்கம் வரும் ஆண்டை விட்டுவிடாதீர்கள்.

காலிபரைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நாம் பயன்படுத்தும் சோல் மென்பொருள், என்-லிஸ்ட், சோத்கங்கா எல்லாம் அவர்கள் கையில். மின்னஞ்சலில் மூன்று மாதம் பதில் வராத கேள்வி அங்கே தேநீர் வேளையில் தீர்ந்துவிடும். இப்போது கேட்க வேண்டிய கேள்வியும் பெரியது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு. சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர் நேரில் போய் "எங்களுக்கு எப்போது?" என்று கேட்கலாம். அரசுக் கல்லூரியில் இருப்பவர், மாணவர் வீட்டிலிருந்து நுழைய என்ன வழி என்று கேட்டு வரலாம்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. "பன்னாட்டு, பல்துறைக் கருத்தரங்கம்" என்று அழைப்பிதழ் வரும். பொறியியல், தமிழ், வணிகவியல், நூலகவியல் எல்லாம் ஒரே நாளில், ஒரே அரங்கில். வர முடியாதவர்கள் பணம் கட்டினால் போதும், சான்றிதழ் கூரியரில் வரும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்ததும் அழைப்பிதழை மூடிவிடலாம். ஐ.எஸ்.பி.என். எண்ணோடு தொகுப்பு வெளியாகும் என்பதை ஒரு பெருமையாகப் போட்டிருப்பார்கள். இந்தியாவில் அந்த எண் இலவசமாகக் கிடைக்கிறது, அது புத்தகத்தின் அடையாளமே தவிரத் தர முத்திரை இல்லை என்று மற்றவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டிய நாமே அதில் ஏமாறக் கூடாது. யு.ஜி.சி.யின் கேர் பட்டியலும் 2025-ல் போய்விட்டது. நல்ல இதழ் எது, போலி எது என்று பேராசிரியர்கள் இனி நூலகரிடம்தான் வந்து நிற்பார்கள்.

அனுமதி, பயணம்

கல்லூரி முதல்வரிடம் ஓ.டி. கேட்கும் கடிதத்தில் "அறிவை மேம்படுத்திக்கொள்ள" என்று எழுதினால் கோப்பு தூங்கும். கல்லூரிக்கு என்ன கிடைக்கும் என்று இரண்டு வரி எழுதுங்கள். நாக் கையேட்டில் நூலகத்துக்கென்றே 4.2 என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் நம்மிடம் எது குறைகிறது, இந்த மாநாட்டின் எந்த அமர்வு அதைப் பற்றியது என்று குறிப்பிட்டால் கையெழுத்து சீக்கிரம் விழும். நீங்கள் இல்லாத இரண்டு நாளும் நூலகத்தை யார் திறப்பார் என்பதையும் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். முதல்வர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். பொது நூலகத்தில் பணிபுரிகிறவர்கள் மாவட்ட நூலக அலுவலர் வழியாகப் போக வேண்டியிருக்கும். அதற்கு இன்னும் கொஞ்சம் முன்னதாகவே ஆரம்பியுங்கள்.

திண்டுக்கல் ஜங்ஷன் நமக்கு ஒரு வரம். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சென்னைக்குப் போகும் இரவு ரயில்கள் பலவும் இங்கே நின்றுதான் போகின்றன. பெங்களூருக்கு 2024-லிருந்து வந்தே பாரத்தும் இருக்கிறது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. மாநாட்டுத் தேதி தெரிந்த அன்றே காலண்டரில் அந்த அறுபதாம் நாளைக் குறித்துவையுங்கள். பெண் நூலகர்கள் தங்குமிடத்தைப் பற்றி அமைப்பாளரிடம் வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல், விடுதி எங்கே, அரங்கிலிருந்து எவ்வளவு தூரம், இரவு வண்டி உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

கட்டுரை மேசையிலேயே இருக்கிறது

"கட்டுரை எழுத எனக்கு என்ன தெரியும்?" என்பவர்கள்தான் அதிகம். விளைவாக, "மாணவர்களிடையே மின்வளப் பயன்பாடு: ஓர் ஆய்வு" என்ற தலைப்பில் நூறு பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்து, வட்ட வரைபடம் போட்டு, எல்லாரும் ஒரே கட்டுரையை வாசிக்கிறார்கள். கேட்பவர்களுக்குக் கொட்டாவி.

உங்கள் ஓபேக்கைத் திறந்து மு.வ.வைத் தேடிப் பாருங்கள். மு. வரதராசன் என்று சில, மு. வரதராசனார் என்று சில, மு.வ. என்று சில, டாக்டர் மு.வ. என்று இரண்டு. கணினியைப் பொறுத்தவரை நாலு எழுத்தாளர்கள். ஒரு பெயரில் தேடிய மாணவி மற்ற மூன்று பெயரில் கிடக்கும் புத்தகங்களைப் பார்க்காமலே போய்விடுவாள். இதைச் சரிசெய்ய என்ன விதி வைத்தீர்கள், எத்தனை பதிவுகளைத் திருத்தினீர்கள், எவ்வளவு நேரம் பிடித்தது? இதுவே கட்டுரை. ஆசிரியர் பெயரை எப்படிப் பதிவது என்பதற்காக 1961-ல் பாரிசில் உலக நாடுகளின் நூலகர்கள் ஒரு வாரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அற்பமான விஷயமாக இருந்தால் அத்தனை பேர் அங்கே போயிருப்பார்களா?

அகரவரிசையையும் பாருங்கள். யூனிகோடு அட்டவணையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. எழுத்தின் எண்ணை மட்டும் வைத்து அடுக்கும் மென்பொருளில் 'மனம்' முன்னால் வந்து 'மரம்' பின்னால் போய்விடும். நம் நெடுங்கணக்கிலோ 'ன' கடைசி எழுத்து. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஏற்றிய பட்டியல் யூனிகோடுக்கு மாறும்போது படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். தமிழ்ப் புத்தகம் அடுக்கும் ஒவ்வொரு நூலகரும் முட்டிக்கொள்ளும் சுவர்கள் இவை. இதைப் பற்றிப் பேசினால் அரங்கில் தூங்குகிறவர் விழிப்பார்.

ஊர்ப் பொருளும் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுத் தொழில், சின்னாளபட்டி நெசவு, தோல் பதனிடும் தொழில் பற்றி உங்கள் நூலகத்தில் எத்தனை ஆவணம் இருக்கிறது? இல்லை என்றால், ஒரு தொகுப்பை உருவாக்கத் தொடங்கி அந்தத் தொடக்கத்தைப் பற்றியே பேசலாம்.

பேச எழுந்ததும் ரங்கநாதனின் ஐந்து விதிகளை ஒரு ஸ்லைடில் போட்டு விளக்காதீர்கள். 1928 டிசம்பரில் அவர் அந்த விதிகளை முதன்முதலாக மேடையில் சொன்னபோது, சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடியிருந்தது ஒரு கல்வி மாநாடு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். உங்கள் எதிரில் இருப்பவர்களுக்கு அது மனப்பாடம். பத்து நிமிடம் என்பார்கள். முந்தைய ஆள் இழுத்துவிட்டால் தலைவர் மணியை ஆறாவது நிமிடத்திலேயே அடிப்பார். ஆகவே முடிவை முதல் ஸ்லைடில் வைத்துவிடுங்கள். இன்னொன்று: ரங்கநாதன் செய்தது போல நாமும் ஆசிரியர்கள் கூடும் இடங்களுக்குப் போய்ப் பேசலாம். நூலகரை நூலகர் பாராட்டுவதில் பாதிப் பயன்தான்.

அங்கே போனதும்

பேட்ஜில் திண்டுக்கல் என்று பார்த்ததுமே, "பூட்டா, பிரியாணியா சார்?" என்று யாராவது கேட்பார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள், அறிமுகம் இலவசமாக நடந்துவிட்டது. "ரெண்டும்தான். உங்க லைப்ரரியில என்ன சாஃப்ட்வேர் ஓடுது?" என்று திருப்பிக் கேளுங்கள். எண்ணை வாங்கிச் சேமிக்கும்போது பெயரோடு விஷயத்தையும் சேர்த்துப் போடுங்கள்: 'காரைக்குடி மேடம் – டிஸ்பேஸ்', 'உடுமலை சார் – பார்கோடு'. ஆறு மாதம் கழித்துத் தேடும்போது முகம் மறந்திருக்கும், விஷயம் மறக்காது.

ஒரே கல்லூரியிலிருந்து நாலு பேர் வந்தால் நாலு பேரும் ஒரே மேசையில் சாப்பிட உட்காரும் வழக்கம் நமக்கு உண்டு. மதிய உணவுக்காவது பிரிந்து உட்காருங்கள்.

விற்பனையாளர் ஸ்டால்களைப் பேனா வாங்கும் இடமாக நினைத்துக் கடந்துவிட வேண்டாம். விலையை அங்கே கேட்டால் சரியான பதில் வராது. வேறு இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? நாங்கள் வேறு மென்பொருளுக்கு மாறினால் எங்கள் பதிவுகளை மார்க் 21 வடிவில் முழுசாகத் திருப்பித் தருவீர்களா? இரண்டாவது கேள்விக்குச் சிரித்து மழுப்புகிறவரிடம் விலைப்பட்டியல்கூட வாங்க வேண்டியதில்லை. பதில் சொல்கிறவரிடம், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

திரும்பிய பிறகு

வந்த வாரமே முதல்வருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அமர்வுகளின் பட்டியல் அவருக்கு வேண்டாம். செலவில்லாமல் உடனே செய்யக்கூடிய ஒன்று, பணம் கேட்கும் ஒன்று, அவ்வளவு போதும். முதலாவதை மாதத்துக்குள் செய்து காட்டிவிட்டால் இரண்டாவதைக் கேட்க வாய் வரும், அடுத்த ஓ.டி.யும் தானாக வரும்.

மாநாடு இல்லாத மாதங்களுக்கும் வழி இருக்கிறது. மதுரை நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நமக்குக் கூப்பிடு தூரம். ஒரு நாள் வாசகராக இல்லாமல் தொழில்காரராகப் போய், குழந்தைகள் பகுதியையும் பார்வையற்றோர் பகுதியையும் எப்படி நடத்துகிறார்கள் என்று அங்குள்ள பணியாளரிடம் பேசிவிட்டு வாருங்கள். காந்திகிராமம் இன்னும் பக்கம். ரங்கநாதன் பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ல் திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டைப் பக்க நூலகர்கள் ஒரு கல்லூரியில் அரை நாள் கூடினால்கூட, பதிவுக் கட்டணம் இல்லாத மாநாடு அது. பேச வேண்டியது: மு.வ. பெயரை எல்லாரும் ஒரே மாதிரி எப்படிப் பதிவது. ஒரு நூலகம் திருத்திய பட்டியலை மற்றவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பயணப்படிக் கணக்கை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டிக்கெட், பதிவுக் கட்டண ரசீது, வருகைச் சான்று மூன்றையும் நகலெடுத்து ஒரே உறையில் போட்டு, அலுவலகத்தில் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மார்ச் 31 தாண்டினால் அந்தப் பணத்துக்காக அடுத்த மாநாடு வரை நடக்க வேண்டியிருக்கும்.