முதியோர் நடையும் பாதுகையும்

அங்கத்தினர் கல்விப் பகுதி

புதுச்சேரி நகரில் தறியில் அமர்வோரிலும், பாகூர்ப் பகுதியில் வயலில் இறங்குவோரிலும் அறுபது வயதைக் கடந்தோர் பலர் உள்ளனர். அவர்களது உழைப்பைக் கெடுக்கும் பகைகளை எண்ணும்போது நோயையும் கடனையும் நினைக்கிறோம். வழுக்கி விழுதலை நினைப்பதில்லை. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததனால் மாள்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. உயிர் தப்பினும் இடுப்பெலும்பு முறிந்தவரது தறி நின்றுவிடும். அவரைப் பேணுவதற்காக வீட்டில் மற்றொருவரது வேலையும் நின்றுவிடும். இத்துன்பத்தை ஓரளவேனும் தடுக்கக்கூடிய எளிய பொருளான காலணியைப் பற்றி இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

1. நாம் நிலைத்து நிற்பது எங்ஙனம்?

கண், உட்செவி, கால் ஆகிய மூன்றும் தரும் செய்திகளைக் கொண்டே மூளை உடலைச் சாயாமல் நிறுத்துகிறது. குழித்தறியில் நெய்பவர் மிதியைக் கண்ணால் பார்த்து மிதிப்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்பதை அவரது உள்ளங்கால் அறியும். இருட்டில் வரப்பின்மேல் நடக்கும் விவசாயிக்கும் வழிகாட்டுவது அவ்வுணர்வே. முதுமையில் பார்வை மங்குகிறது; உட்செவியின் கூர்மை குறைகிறது; பாதத்தின் உணர்வும் தசைகளின் வலுவும் தளர்கின்றன. அந்நிலையில் காலுக்கும் தரைக்கும் இடையே நாம் எதை வைக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

2. மெத்தென்ற செருப்பு நல்லதா?

மெத்தென்றிருப்பதே முதியோர்க்கு உகந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். கானடாவில் முதிய ஆடவரிடம் நடத்தப்பட்டு 1992-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. தடித்து மென்மையாக இருந்த அடிப்பாகத்தைவிட, மெல்லியதாய்ச் சற்றே கடினமாக இருந்த அடிப்பாகமே அவர்கள் தடுமாறாது நடக்க உதவிற்று. பஞ்சு மெத்தைமீது நின்று பார்த்தால் காரணம் விளங்கும்; கால் அமிழும்போது தரையின் செய்தி தெளிவாக மேலே வருவதில்லை.

குதியின் உயரமும் கவனத்திற்குரியது. இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குதி விழும் அபாயத்தை மிகுதிப்படுத்துவதாக அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. பின்புறம் பிடிப்பில்லாத செருப்பு கழன்றுவிடாதிருக்க விரல்கள் ஓயாமல் அதைப் பற்றவேண்டியிருக்கிறது. கால் தரையில் இழுபட்டு, வாயிற்படியில் தடுக்க ஏதுவாகிறது. அடிவரிகள் தேய்ந்த ரப்பர் செருப்பு, ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த சிமெண்டுத் தரையில் எளிதில் சறுக்கும்.

3. வெறுங்கால் நடை

வீட்டினுள் செருப்பணியாமை நமது வழக்கம். கோயிலிலும் தறிக்குழியிலும் வெறுங்காலே முறை. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,371 பேரைப் பற்றி 2004-ல் வெளியான ஆய்வில், வெறுங்காலுடனோ காலுறை மட்டும் அணிந்தோ இருந்தோரே மிகுதியாக விழுந்தனர் என்று கண்டனர். அந்நாட்டார் வாழ்நாளெல்லாம் காலணியுடன் நடந்து பழகியவர்கள். ஆகவே அம்முடிவை அப்படியே நமக்குப் பொருத்துதல் தகாது. எனினும் செங்கல் பாவிய பழைய தரை வேறு, இன்று பரவிவிட்ட வழவழப்பான டைல்ஸ் தரை வேறு. ஈரமான குளியலறையிலும் கிணற்றடியிலும் வெறுங்கால் வழுக்கும். இவ்விடங்களுக்கென்று பிடிப்புள்ள ஒரு ஜோடியைத் தனியே வைத்துக்கொள்ளுதல் வழக்கத்திற்கு முரணாகாது.

4. நீரிழிவு உள்ளோர்க்குத் தனி எச்சரிக்கை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, புதுச்சேரியில் வயது வந்தோரில் நூற்றுக்கு 26.3 பேருக்கு நீரிழிவு உள்ளது; நாடு முழுவதற்குமான அளவு 11.4. நீண்டகால நீரிழிவு பாதத்தின் உணர்வை மரக்கச் செய்யும். அவ்வாறானவர் முள் குத்தினாலும் அறியார். தரையின் மேடுபள்ளத்தையும் அறியார். அவர்களுக்கு வெறுங்கால் நடை அறவே ஆகாது.

இதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். முதியவர் கண்ணை மூடியிருக்க, ஒருவர் தம் விரல்நுனியால் அவரது இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் நுனிகளை அழுத்தாமல் ஓரிரு விநாடி தொடவேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிடின் அரசு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ தாமதமின்றிக் காட்டவேண்டும்.

உணர்விழந்த பாதத்தைக் காலணியால் காக்கும் கலையில் நமது அண்டைப் பகுதிக்கே பெருமையுண்டு. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றித் தொழுநோயாளரின் கால்களைக் காக்கும் வழிகளைத் தேடினார். அம்முயற்சியில் பயன்பட்ட நுண்ணறை ரப்பர் செருப்பு இன்று நீரிழிவாளர்க்கும் உதவுகிறது. இதில் பாதத்தின் அழுத்தத்தைப் பரப்ப உள்ளே மென்மையும், முள் ஊடுருவாதிருக்க வெளியே உறுதியும் அமைந்துள்ளன. உணர்வு மரத்தவர் மருத்துவரைக் கேட்டு இவ்வகையையே அணிதல் வேண்டும்.

5. தேர்ந்தெடுக்கும் முறை

(அ) மாலையில் வாங்குக. பகல் முழுதும் உழைத்த கால் சற்று வீங்கியிருக்கும்.
(ஆ) இரு கால்களையும் தாளில் வரைந்து, பெரியதற்கு ஏற்ப அளவு கொள்க.
(இ) விரல்முனைக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும்.
(ஈ) குதி தாழ்ந்தும் அகன்றும், அடிப்பாகம் வரிகளுடனும் இருத்தல் வேண்டும்.
(உ) குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் வார் இருத்தல் வேண்டும்.

காலணி ஒன்றே போதுமென்று கொள்ளலாகாது. கண் பரிசோதனை, கால்தசையை வலுப்படுத்தும் பயிற்சி, குளியலறையில் கைப்பிடி, இரவில் சிறு விளக்கு, தலைசுற்றல் தரும் மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டல் ஆகியவையும் அவசியம்.

6. கூட்டுறவின் கடமை

முதியோர் நல்ல காலணி வாங்காதிருப்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. கைப்பொருள் இன்மையே பெருங்காரணம். வீட்டில் பேரனுக்குப் பள்ளிக் காலணி வாங்கிய பின்னரே பாட்டனின் முறை வருகிறது. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெசவாளர் உள்ளிட்ட உழைப்பாளிகள் கடை திறந்தபோது, மாவும் வெண்ணெயும் சர்க்கரையுமே முதற்சரக்கு. தனித்தனியே நல்லதாக வாங்க இயலாததை ஒன்றுசேர்ந்து வாங்குவதே அவர்கள் காட்டிய வழி. அவ்வழியே நாமும் முதிய அங்கத்தினரின் கால் அளவுகளைத் தொகுத்து மொத்தமாக வாங்கலாம். தீபாவளி முன்பணத்தில் சிறு தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம். உள்ளூர்ச் செருப்புத் தொழிலாளரைக் கொண்டு, இருக்கும் செருப்புக்கே பின்வார் தைக்கச் செய்யலாம். அவருக்கும் அதனால் வேலை கிடைக்கும்.

கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

1. நம் வீட்டு முதியவரின் செருப்பின் அடிப்பாகத்தை இறுதியாக எப்போது பார்த்தோம்?
2. தறிக்கூடத்திலும் களத்திலும் ஈரம் தேங்கும் இடங்கள் எவை? அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது?
3. மேற்கூறிய வழிகளுள் நமது சங்கம் இவ்வாண்டே தொடங்கக்கூடியது எது?