வினவலுக்குள் ஒரு கோசைன்

இணைந்த கணிதத்தில் சைன், கோசைன் வரும்போதெல்லாம், "இது பரீட்சைக்கு அப்பால் எதற்கு உதவும்?" என்று வகுப்பில் யாராவது கேட்பது வழக்கம். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் எஸ்.கியூ.எல். வினவல்களைக் கற்றபோது அக்கேள்விக்கு ஒரு விடை எனக்குக் கிடைத்தது.

வைத்தியசாலையின் பெயர், அகலக்கோடு, நெடுங்கோடு ஆகிய புலங்களைக் கொண்ட ஓர் அட்டவணை தரவுத்தளத்தில் இருப்பதாகக் கொள்வோம். நோயாளிக்கு மிக அருகிலுள்ள வைத்தியசாலை எது? 'தூரம்' என்ற புலத்தை முன்கூட்டியே நிரப்பி வைக்க முடியாது. நோயாளி இருக்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும் அல்லவா? எனவே வினவல் இயங்கும்போதே தூரத்தைக் கணிக்க வேண்டும்.

புவியை ஒரு கோளமாகக் கருதினால், இரு இடங்களுக்கு இடையிலான தூரம் ஒரு வில்லின் நீளமாகும். அவ்வில் புவி மையத்தில் அமைக்கும் கோணம் 'க' எனின்:

கோசைன் க = சைன் அ1 × சைன் அ2 + கோசைன் அ1 × கோசைன் அ2 × கோசைன் (நெ2 − நெ1)

தூரம் = 6371 × க கிலோமீற்றர்

இங்கு 'அ' அகலக்கோடு, 'நெ' நெடுங்கோடு, 6371 புவியின் சராசரி ஆரை. இச்சூத்திரத்தை 'செலக்ட்' பகுதியில் எழுதி, 'ஓடர் பை' மூலம் ஏறுவரிசைப்படுத்தி, முதல் நிரையை மட்டும் எடுத்தால் விடை வந்துவிடும். கோசைனிலிருந்து கோணத்தைப் பெற 'ஏகோஸ்' என்ற சார்பு உண்டு.

தோழிகளே, கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எஸ்.கியூ.எல். சார்புகள் கோணத்தை ஆரையனில் எதிர்பார்க்கின்றன. வரைபடங்களோ பாகையில் தருகின்றன. 'ரேடியன்ஸ்' சார்பினால் மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும்? இதை அறிய நான் மூன்று ஊர்களை எடுத்துக் கணித்துப் பார்த்தேன்: புத்தளம் (8.03, 79.83), அநுராதபுரம் (8.31, 80.40), வாழைச்சேனை (7.92, 81.53).

சரியான கணிப்பில் புத்தளத்திலிருந்து அநுராதபுரம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர், வாழைச்சேனை 188. மாற்றாமல் கணித்தால் அநுராதபுரம் 2050, வாழைச்சேனை 1250! எண்கள் பெருத்தது மட்டுமல்ல, வரிசையே தலைகீழாகிவிட்டது. காரணம் சுவையானது. பையின் இரண்டரை மடங்கு 7.85, அத்தனை ஆரையனின் கோசைன் பூச்சியம். புத்தளத்தினதும் வாழைச்சேனையினதும் அகலக்கோடுகள் அந்த எண்ணுக்கு அருகில் இருப்பதால், கிழக்கு மேற்கு இடைவெளி கணக்கில் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

கணினி பிழைச்செய்தி எதுவும் காட்டாது. திரையில் தூரம் தெரியாமல் வைத்தியசாலையின் பெயர் மட்டும் தெரிந்தால், புத்தளத்து நோயாளியை மறுகரைக்கு அனுப்பும் விடையைச் சரியென்றே நம்பிவிடுவோம். ஆகவே, தூரம் தெரிந்த இரண்டு மூன்று ஊர்களைக் கொண்டு வினவலைச் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று: இச்சூத்திரம் தருவது நேர்த்தூரம். புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் நடுவே களப்பு இருக்கிறது. வாகனம் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். வினவல் தரும் முதல் சில பெயர்களுக்கு வீதித் தூரத்தையும் பார்த்தபின் முடிவெடுப்பதே பொருத்தம்.