வாசனை மறைந்தால் ஆபத்தும் மறைந்ததா?

(வாலிபர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்)



பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த ஒரு பையன் ஒருநாள் சாயங்காலம் என்னைத் தேடி வந்தான். "சாமி, தெரிந்தவர் ஒருவர் ஆலையிலே தொட்டி கழுவ இரண்டு நாள் வேலைக்குக் கூப்பிடுகிறார். கூலி நன்றாக இருக்கிறது. போகட்டுமா?" என்று கேட்டான்.

"தொட்டியில் என்ன இருந்தது?" என்றேன்.

"தெரியாது சாமி. முதலில் கொஞ்சம் நாற்றம் அடிக்குமாம். போகப் போகத் தெரியாதாம்" என்றான்.

அவன் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் இந்த வாரத்துப் பாடம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், உப்பனாற்றை அடுத்து, 1980-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் முதலிய ஊர்கள் அதைச் சுற்றியும் அருகிலும் இருக்கின்றன. அந்த ஆலைகளால் அநேகர் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2021 மே மாதத்தில் அங்கே ஒரு பூச்சிமருந்து ஆலையில் நேர்ந்த விபத்தில் நால்வர் மாண்டதையும் நாம் மறப்பதற்கில்லை.

அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஒரு வாயு உண்டு. அதற்கு ஹைட்ரஜன் சல்பைடு என்று பெயர். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக அது இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் 100 பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விடும், வாயு போகாது. இன்னும் பல மடங்கு ஏறினால், இரண்டொரு மூச்சிலேயே மனிதன் சாய்ந்துவிடுவான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகையால் தொட்டியின் அடியிலும் பள்ளத்திலும் போய்த் தங்கும். உள்ளே விழுந்தவனைத் தூக்கப் பாய்ந்து இறங்கினவனும் கூடவே மாண்டுபோன துக்கச் செய்திகள் எத்தனையோ!

"போகப் போகத் தெரியாது" என்றால், ஆபத்து தீர்ந்தது என்று அர்த்தமல்ல. காவல்காரன் உறங்கிவிட்டான் என்றே அர்த்தம்.

காவல்காரனை உறங்க விடாதவர்களும் நம்மிடையே உண்டு. 2004-ஆம் ஆண்டில் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்தவர் சிலர் இதற்கென்று பயிற்சி பெற்றார்கள். நாற்றம் வந்த தேதி, மணி, காற்று வீசிய திசை, அது எதைப் போல் இருந்தது, கண் எரிந்ததா, தொண்டை கரகரத்ததா என்று குறித்து வைத்தார்கள். காற்றையே பையில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டில் வெளிவந்த அறிக்கை, அந்தக் காற்றில் இருபதுக்கும் மேற்பட்ட இரசாயனங்கள் கண்டதாகச் சொல்லிற்று. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. "இங்கே எப்போதும் இப்படித்தான்" என்று அவர்கள் இருந்திருந்தால், இவ்வளவும் யாருக்குத் தெரிந்திருக்கும்?

வாலிபர்களே, மற்றக் காரியங்களிலும் இப்படியே. முதல் பீடியை இழுத்தவன் இருமுகிறான். சரீரம் வேண்டாமென்று சொல்லுகிறது. பத்தாம் நாள் இருமல் இல்லை. சரீரம் சம்மதித்துவிட்டது என்று அவன் எண்ணுகிறான். இல்லை, அது சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டது. ஆகையால் எதையும் தீர்மானிக்க வேண்டிய வேளை முதல் தடவைதான். பழகிய பின்பு அல்ல.

அதற்கு நான்கு படிகளை மனதில் வையுங்கள்.

1. நில். "இப்போதே சொல், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம்" என்று அவசரப்படுத்துகிறவனுக்கு உடனே பதில் சொல்லாதே.

2. விசாரி. இது என்ன? இதற்கு முன் செய்தவர் யார்? அவர் இப்போது எப்படி இருக்கிறார்?

3. கணக்குப் பார். வருவதையும் போவதையும் எழுது. கூலி ஒரு நாளுக்கு, நுரையீரல் ஆயுளுக்கு.

4. ஒரு பெரியவரிடம் சொல். சொல்லக் கூசுகிற காரியமானால், அந்தக் கூச்சமே ஓர் எச்சரிக்கை.

இனிச் சில வினாக்கள். பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

வினா: பதினாறு வயதுப் பையன் இரசாயனத் தொட்டி கழுவலாமா?
விடை: கூடாது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவது குற்றம். இதுபற்றி 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

வினா: தோழன் தொட்டிக்குள் விழுந்துவிட்டால்?
விடை: நீ இறங்காதே. கூக்குரலிட்டு ஆள் சேர். 108-க்கும் 101-க்கும் சொல். தகுந்த சுவாசக் கருவி உள்ளவரே இறங்க வேண்டும்.

வினா: ஊரில் வாயு கசிந்தால்?
விடை: மரக்கிளையைப் பார்த்துக் காற்றின் திசையை அறி. காற்றோடு ஓடாதே, அதற்குக் குறுக்கே போ. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடு. வெளியேற வழியில்லையானால் கதவு ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி வை. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது, இவ்வளவுகூட அங்குள்ள ஜனங்களுக்கு யாரும் முன்பே சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவன் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் அவன் தகப்பனார் வந்தார். முதுகு வலியால் இரண்டு மாதமாக வேலையில்லாதவர். "நான்தான் சாமி போகச் சொன்னேன்" என்று தலைகுனிந்து நின்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வறுமையும் மூக்கை மரத்துப்போகச் செய்யும்.

பையன் இப்போது விடுமுறை நாட்களில் ஒரு ஜவுளிக் கடையில் துணி மடிக்கிறான். கூலி பாதிதான். ஆனால் சாயங்காலம் முழுசாக வீடு திரும்புகிறான்.

பெற்றோரே, பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். "தொட்டியில் என்ன இருந்தது?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளையே வீட்டுக்குக் காவல்.